டோக்கன் அக்காவின் சிபாரிசு

குழந்தைகள் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. அவள் கையில் டோக்கன் கட்டு இருந்ததால் அவள் டோக்கன் அக்கா. வாட்ச்மேனுக்கு அக்கா, மருந்து கொண்டுவரும் ஏஜென்டுக்கு அக்கா, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாத்தாக்களுக்கும் அக்கா. ஒருநாள் டாக்டரே வாய் தவறி, "அந்த டோக்கன் அக்காவைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, தன் வழுக்கைத் தலை ஞாபகத்துக்கு வந்து இருமிச் சமாளித்தார்.

கிளினிக் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். மேலே வந்தால் ஏசி, தரையோடு முடுக்கிய நாற்காலிகள், உயரம் அளக்க ஒரு ஒட்டகச்சிவிங்கிப் படம், எந்த அழுகைக்கும் அசராத மீன்கள் உள்ள ஒரு தொட்டி. அவள் தலைக்கு மேலே பெரிய போஸ்டர். அதில் பல் முளைக்காத ஒரு குழந்தை ஊசி போட்டுக்கொண்டே சிரிக்கும். அந்தப் போஸ்டரை அச்சடித்தவன் வாழ்நாளில் ஒரு குழந்தைக்காவது ஊசி போடுவதைப் பார்த்திருக்க மாட்டான் என்பது அவள் கட்சி. கல்யாணத்துக்கு முன்பு தற்காலிகமாக ஒரு வேலை என்று வந்து உட்கார்ந்தவள். கல்யாணம் ஆயிற்று, தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரு குழந்தையும் பிறந்தது, வேலை மட்டும் ஏழு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தது.

அந்த ஏழு வருஷத்தில் அவள் ஒரே பேச்சை ஆயிரம் தடவை பேசியிருப்பாள்.

"தட்டம்மை ஊசி எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்பார் ஒருவர்.

"பின்னாடித் தெரு சுகாதார நிலையத்துல சும்மாவே போடறாங்க சார். புதன்கிழமை காலையில போனா போதும்."

"சும்மா போடறது எப்படிம்மா நல்லா இருக்கும்?"

"மருந்து ஒண்ணுதான் சார்."

"ஒண்ணுதான்னா நீங்க எதுக்குக் காசு வாங்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. ஏசிக்கு, நாற்காலிக்கு, வரிசையில் நிற்காமல் இருப்பதற்கு, டாக்டரே தன் கையால் குத்துவதற்கு, அந்த மீனுக்கு. ஆனால் மாடியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எதிரில் நிற்கிற மனுஷன், பார்த்தாயா மாட்டிக்கொண்டாள் என்று மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு பெருமையாகப் பர்ஸைத் திறப்பார். அவள் டோக்கனைக் கிழித்துக் கொடுப்பாள்.

பர்ஸைத் திறப்பதோடு முடிந்தால் பரவாயில்லை. சில ஊசிகள் சுகாதார நிலையத்தில் கிடையாது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வசதி உள்ளவர்கள் போட்டுக்கொள்வது நல்லதுதான். அவள் வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. அந்த விலை உயர்ந்த ஊசிகளில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் இலவச ஊசிகளை அத்தோடு மறந்துவிடுவார்கள். போனில் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினால், "அதான் அன்னிக்கே அவ்வளவு பெரிய பில் கட்டினோமே" என்பார்கள். பெரிய பில்லுக்குள் சின்ன ஊசிகள் எல்லாம் அடங்கிவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நோய் என்ன, பில்லைப் பார்த்துவிட்டா உள்ளே வரும்?

வெளி ஆட்களோடு இதைப் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், வீட்டுக்குள்ளேயே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய நாத்தனார். புருஷனின் ஒரே தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டி. குட்டியின் கணவர் கப்பலில் வேலை செய்தார், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் குட்டியும் அவள் மகனும் அண்ணன் வீட்டில்தான். மகனுக்கு வயது ஒன்று தாண்டி இரண்டு மாதம். எங்கே வைத்தாலும் உருண்டு இன்னொரு இடத்துக்குப் போய்விடுவதால் அவன் பெயர் உருண்டை. டோக்கன் அக்காவின் மகளுக்கு ஐந்து மாதம். பாப்பா என்பதைத் தவிர அவளுக்கு இன்னும் வேறு பெயர் ஒட்டவில்லை.

அக்கா காலையில் கிளினிக்குக் கிளம்பினால் மாலைவரை பாப்பாவைப் பார்த்துக்கொள்வது குட்டிதான். இதைக் குறை சொல்ல முடியாது. சொந்தப் பிள்ளையைவிட ஒரு பிடி கூடவே பார்த்துக்கொள்வாள். உருண்டையும் பாப்பாவும் ஒரே பாயில் கிடப்பார்கள். உருண்டை கடித்த ரப்பர் வாத்தைப் பாப்பா சப்புவாள், பாப்பா சப்பியதை உருண்டை பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொள்வான். அதனால் குட்டியிடம் வாயைக் கொடுக்க வேண்டுமென்றால் அக்கா ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது.

யோசித்து யோசித்தே மாதங்கள் போயின. உருண்டைக்கு ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை ஊசி போடவில்லை. "அவர் லீவுல வரட்டும் அண்ணி, நல்லதாவே போட்டுக்கலாம்" என்றாள் குட்டி. கப்பல்காரர் வந்தார். மனைவி, மகன், கூலிங்கிளாஸ் சகிதம் கிளினிக்குக்கு வந்து, நிமோனியாவுக்கு ஒன்று, ஃப்ளூவுக்கு ஒன்று என்று இரண்டு தொடையிலும் விலை உயர்ந்த ஊசிகளாகப் போட்டு, அழுகிற பிள்ளையோடு மீன் தொட்டி முன்னால் படமும் எடுத்துக்கொண்டு போனார். அன்று கிளினிக்கில் தீர்ந்திருந்த தட்டம்மை ஊசியைச் சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்லத்தான் செய்தார். அவர் பேசுவது அவருடைய மேல்சட்டைப் பாக்கெட்டுக்கு மட்டும் கேட்கும்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை, படியேறி வந்த ஒரு குழந்தையைப் பார்த்து அக்கா டோக்கன் கொடுக்காமல் எழுந்து நின்றாள். கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன, மூக்கு ஒழுகியது, காதுக்குப் பின்னாலிருந்து கன்னத்துக்குச் சிவப்பாகப் பொரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. "இங்க உக்காராதீங்க, இப்படி வாங்க" என்று அந்த அம்மாவைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வந்து பார்த்தார். வெளியே வந்து அக்காவிடம், அவருக்கு இவ்வளவு சத்தமாகப் பேசத் தெரியுமா என்று ஆச்சரியப்படும் குரலில், "தட்டம்மைதான். இந்த வாரத்துல இது மூணாவது. உங்க வீட்டுல சின்னக் குழந்தை இருக்கில்லம்மா? ஊசி போடாத பிள்ளைங்க யாரும் பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார்.

அக்காவின் நினைப்பு நேராக வீட்டுப் பாய்க்குப் போயிற்று. பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி போடும் வயதே வரவில்லை. அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கு நோய் வராமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்குக் காப்பு. சுற்றி இருக்கிற உருண்டையோ தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளோடும் புழுதியில் புரண்டுவிட்டு வந்து, பாப்பாவின் முகத்தில் முத்தம் வைக்கிறவன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"குட்டி, தட்டம்மை பரவுது. நாளன்னிக்கு புதன்கிழமை. உருண்டையைத் தூக்கிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வந்துரு."

"எங்க, அந்த ஓசி ஊசி போடற இடத்துலயா?"

"ஆமா, அங்கதான். பாப்பாவுக்கும் எல்லா ஊசியும் அங்கதானே போட்டேன்."

குட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "அப்படித்தான் சொல்றீங்க" என்றாள்.

"அப்படித்தான் சொல்றேன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. நீங்க வேலை பார்க்கறது அவ்வளவு பெரிய கிளினிக். உங்க பிள்ளையை அந்தத் தகரக் கொட்டாய்க்கா தூக்கிட்டுப் போயிருப்பீங்க? எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அங்க சலுகையில போட்டிருப்பாங்க. அதுல எனக்குப் பொறாமை ஒண்ணும் கிடையாது. ஆனா எம்பிள்ளைன்னு வரும்போது மட்டும் ஓசி இடத்துக்குப் போன்னு சொல்றீங்க பாருங்க, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

டோக்கன் அக்கா நினைத்ததெல்லாம் குட்டி சோம்பேறித்தனப்படுகிறாள், வறட்டுப் பெருமை பார்க்கிறாள் என்றுதான். அண்ணி கஞ்சத்தனம் பண்ணுகிறாள், டாக்டரிடம் சிபாரிசு செய்ய மனசு வராமல் தட்டிக் கழிக்கிறாள் என்று ஒரு கணக்கு அந்தத் தலைக்குள் இத்தனை மாதமாக ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. 'இரண்டும் ஒன்றுதான்' என்று ஒவ்வொரு தடவை சொன்னபோதும் அந்தக் கணக்கில் ஒரு பூஜ்யம் கூடியிருக்கிறது.

"அடிப்பாவி, நான் எதுக்குடி உனக்குப் பொய் சொல்லணும்?"

"பொய்னு நான் சொன்னேனா? அண்ணா, நான் சொன்னேனா?"

அண்ணன், அதாவது டோக்கன் அக்காவின் புருஷன், பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க முப்பது பிள்ளைகளின் கூச்சலில் வேன் ஓட்டி ஓட்டி, எந்தச் சத்தத்திலும் தன்பாட்டுக்கு நேராகப் பார்த்துக்கொண்டு போகும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. இப்போதும் நேராகச் சுவரைப் பார்த்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுமையா பேசுங்க" என்றார். பொறுமையாகப் பேச வேண்டும் என்று சொல்கிறவர்களை வரிசையாக நிற்கவைத்து ஊசி போட வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

சரி, காசுதானே, நானே கொடுத்துத் தொலைக்கிறேன் என்று மறுநாள் காலையில் கிளினிக்கில் ஊசி இருக்கிறதா என்று பார்த்தாள். தட்டம்மை ஊசி ஒன்றுகூட இல்லை. ஏஜென்டுக்குப் போன் போட்டால், "அடுத்த மாசம் வந்துரும்க்கா" என்றான். நோயிடம் ஒரு மாதம் தவணை கேட்க முடியுமா?

கடைசியாக ஒரு வழி தோன்றியது. தன் வார்த்தைக்குத்தானே மரியாதை இல்லை, டாக்டர் வாயால் சொன்னால்? குட்டியையும் உருண்டையையும் அன்றைக்கே கிளினிக்குக்கு வரவழைத்து, டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் தானே போய், "சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்று கெஞ்சிவிட்டும் வந்தாள். டாக்டரும் பாவம், கதவுக்கு வெளியே கேட்கும்படி சொன்னார். "ரெண்டும் ஒரே மருந்துதாம்மா. இங்க ஸ்டாக் இல்லை. காத்திருக்காதீங்க. நாளைக்கே அங்க போய்ப் போட்டுக்கோங்க."

குட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேசைக்கு அருகில் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னாள்.

"எனக்கு முன்னாடியே உள்ள போய்ச் சொல்லி வெச்சுட்டீங்க இல்ல? நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தலைக்கு மேலே போஸ்டர் குழந்தை சிரித்தது. அன்றைக்கு அவளுக்கு அந்தக் குழந்தையைப் பிடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கத்திக் கத்தி அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. குட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அக்கா பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். உள்ளே பாயில் உருண்டை பாப்பாவின் காலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான், பாப்பா கெக்கலித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்காவுக்குப் பயம் ஏறியது. பயத்தில் மனிதர்களுக்கு என்னென்னவோ தோன்றும். அவளுக்குப் பொய் தோன்றியது.

"குட்டி" என்றாள். தொண்டை கட்டியதால் குரல் எழும்பவில்லை, கிசுகிசுப்பாகத்தான் வந்தது. குட்டி குழாயை மூடினாள். இரண்டு நாளாக அண்ணி கத்தியபோதெல்லாம் திரும்பாத தலை இப்போது திரும்பியது.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சுகாதார நிலையத்துல நாளைக்கு ஒரு ஸ்பெஷல் மருந்து வருது. எல்லாருக்கும் போட மாட்டாங்க. வேண்டியவங்களுக்கு மட்டும்தான். டாக்டர் அங்க போகச் சொன்னதுக்கே அதான் காரணம், வெளிப்படையா சொல்ல முடியல அவரால. உருண்டைக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கேன். டோக்கன் அக்கா அனுப்பினாங்கன்னு சொன்னா போதும். ஆனா வெளியில மூச்சு விடாத."

குட்டியின் கண்கள் அப்படியே விரிந்தன. ஈரக் கையோடு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே அண்ணி! நான் உங்களை என்னென்னவோ நெனச்சுட்டேன்" என்றாள். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

ஏழு வருஷமாக உண்மையைச் சொல்லி ஒருத்தரை அசைக்க முடியாதவள், ஒரே ஒரு பொய்யில் ஒரு பெண்ணை அழவே வைத்துவிட்டாள். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் குட்டி உருண்டையைக் குளிப்பாட்டி, லீவில் அப்பா வாங்கிவந்த கோட்டையும் மாட்டிவிட்டு, சுகாதார நிலையம் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றாள். அக்கா வேலைக்குக் கிளம்புவதற்குள் திரும்பியும் வந்துவிட்டாள். உருண்டை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த நர்ஸ் என்னமா நடிச்சா தெரியுமா அண்ணி! உங்க பேரைச் சொன்னதும், 'யாரது? எனக்குத் தெரியாதே'ன்னு மூஞ்சியில ஒரு இது இல்லாம சொல்லிட்டா. எல்லாருக்கும் போடற பாட்டில்ல இருந்து எடுக்கற மாதிரியே எடுத்து, எல்லார் முன்னாடியும் சாதாரணமா போட்டுவிட்டா. யாருக்கும் சந்தேகமே வரல. சாமர்த்தியம்னா அது சாமர்த்தியம்."

"ஆமா, அவ கெட்டிக்காரி" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வாள்?

அடுத்த வாரங்களில் தட்டம்மை அந்தத் தெருவுக்குள் வந்தது. மூன்றாவது வீட்டில் வந்தது, முக்கு வீட்டில் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் பெரிய பெண்ணுக்கு வந்து, அது நுரையீரலில் இறங்கி, பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தைத்துக்கொண்டிருந்த துணி மெஷினில் ஊசி குத்தியபடியே நாள்கணக்கில் நின்றது. அக்கா வீட்டுக்கு வந்ததும் தினமும் பாப்பாவை வெளிச்சத்தில் பிடித்துக் காதுக்குப் பின்னால் பார்ப்பாள், உருண்டையைப் பிடித்து இமையை இழுத்துப் பார்ப்பாள். உருண்டைக்கு ஒன்றும் வரவில்லை. பாப்பாவுக்கும் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் நடந்தது. ஒன்றும் நடக்காததற்கு யார் வந்து நன்றி சொல்லப்போகிறார்கள்?

தையல்காரம்மாவின் பெண் பிழைத்து, எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய அன்று, வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அக்கா உள்ளே பாப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க உருண்டைக்குப் பாருங்க, ஒரு தும்மல்கூட வரல" என்று குட்டியின் குரல். "அவர் லீவுல வந்தப்போ செலவைப் பார்க்காம ரெண்டு தொடையிலயும் போட்டோமே, அதுதான் காப்பாத்துச்சு. காசு போனா போகுது."

"எனக்கு இன்னும் சின்னவன் இருக்கானே" என்றாள் தையல்காரம்மா. "அவனுக்கும் அதையே போட்டுடறேன். கொஞ்சம் பணம் சேரட்டும்."

அவ்வளவுதான். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாதித் துணி கட்டிய பாப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

"பணம் சேர வேண்டாம்! ஒரு பைசா சேர வேண்டாம்! அந்த ஊசி நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் போட்டது, அதுக்கும் தட்டம்மைக்கும் சம்பந்தமே இல்ல. உருண்டையைக் காப்பாத்தினது புதன்கிழமை போட்ட ஊசி. சும்மா போட்டது. குட்டி, நல்லாக் கேட்டுக்க. ஸ்பெஷல் மருந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லி வைக்கல. அந்த நர்ஸுக்கு நிஜமாவே என்னைத் தெரியாது. நீ போக மாட்டேன்னு அடம்பிடிச்சே, அதனால பொய் சொன்னேன். போதுமா?"

குட்டி அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. மெல்லத் தலையை ஆட்டினாள். பிறகு தையல்காரம்மாவின் தோளில் கைபோட்டு அப்பால் அழைத்துப்போய், அக்காவுக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில் சொன்னாள்.

"அண்ணி அப்படித்தான் சொல்லுவாங்க. வெளியில தெரிஞ்சா அவங்க வேலைக்கே ஆபத்து. நீங்க பேசாம புதன்கிழமை போய் டோக்கன் அக்கா பேரைச் சொல்லுங்க. நர்ஸ் தெரியாதுன்னுதான் சொல்லுவா, நம்பாதீங்க."

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாப்பா அவள் தோளில் மூத்திரம் போனாள். அந்த நேரத்தில் அது ஒன்றுதான் நியாயமாக நடந்த காரியம்.

தையல்காரம்மா சின்னவனைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை போனாள். அவள் சொல்லி மூன்றாவது வீடு போனது. யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிச் சொல்லியே செய்தி தெருத்தெருவாகப் போயிற்று. போஸ்டர் ஒட்டியும் மைக் கட்டியும் வராத ஜனம் ரகசியத்துக்கு வந்தது. எப்படியோ வருகிறார்களே என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரம், அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளே தூக்கிக்கொண்டு போனாள். சுகாதார நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே வரிசை கேட்டைத் தொட்டு நின்றது. உள்ளே குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நர்ஸம்மா வேர்த்து விறுவிறுத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா வரிசையில் நின்றாள். கேட்டுக்கு வெளியே, வரிசையில் சேராமல், ஒரு பெண் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். கட்டட வேலைக்காரி. புடவை ஓரத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது. இடுப்பில் இருந்த பையனுக்கு வயது ஒன்றரை இருக்கும்.

"ஏம்மா அங்கயே நிக்கற? வரிசையில வா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "அக்கா, உங்களுக்கு இங்க யாரையாவது தெரியுமா?"

"எதுக்கு?"

"சும்மா வந்தா நல்ல மருந்து போட மாட்டாங்களாம்க்கா. சிபாரிசு வேணுமாம். டோக்கன் அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்களாம், பெரிய இடமாம். அவங்க பேரைச் சொல்றவங்களுக்குத்தான் தனியா எடுத்து வெச்சிருக்கிறதைப் போடுவாங்களாம். எனக்கு யாரைத் தெரியும்? போன மாசமும் வந்து இங்கயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். நாங்க தங்கியிருக்கற இடத்துல ரெண்டு பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் பொரிஞ்சு கிடக்கு. அதான் மனசு கேட்காம மறுபடியும் வந்தேன்."

அக்காவுக்குக் காது இரண்டும் சுட்டது. குட்டியின் மேல், கப்பல்காரர் மேல், போஸ்டர் மேல், ஊர் மேல் இத்தனை நாள் வந்த கோபமெல்லாம் சேர்ந்து திரும்பி அவள் மேலேயே விழுந்தது. அவள் விட்ட பொய் சும்மா கிடைக்கிற ஊசிக்கு வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்திவைத்திருக்கிறது. அது இந்தப் பெண்ணை ஒரு மாதம் வெளியே தள்ளியிருக்கிறது. அந்தப் பையனின் கண்ணைப் பார்த்தாள். நல்லவேளை, தெளிவாக இருந்தது.

"தெரியும். வா" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. பையனின் கையைத் துடைத்துக்கொண்டே நர்ஸம்மா, "நீ யார் பேரைச் சொல்லப்போற?" என்று கேட்டார்.

"டோக்கன் அக்கா" என்றாள் அந்தப் பெண்.

"ஐயோ சாமி, இன்னொண்ணு! யாரும்மா அந்தப் புண்ணியவதி? மந்திரி வீட்டுப் பொண்ணா? என் கையில கிடைச்சா அவளுக்கும் சேர்த்து ஒரு குத்து குத்துவேன்." சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. பையன் கத்தினான்.

"நான்தான் சிஸ்டர்" என்றாள் அக்கா. "ஒரு கிளினிக்ல டோக்கன் கொடுக்கறவ. என் நாத்தனாரை இங்க அனுப்பறதுக்கு ஒரு பொய் சொன்னேன், அது இப்படி ஆயிடுச்சு. சிபாரிசு எதுவும் வேண்டாம்னு நீங்களே ஒரு தடவை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தகரக் கூரை அதிரும்படி கத்தினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இங்க சிபாரிசும் கிடையாது, ஸ்பெஷலும் கிடையாது! யார் வந்தாலும் ஒரே மருந்துதான், சும்மாதான் போடறோம்!"

வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. "அப்போ அந்த ஸ்பெஷல் தீந்து போச்சா?" என்றது ஒரு குரல். "இதுக்கா விடியக் காலையில வந்து நின்னேன்" என்று கடைசியில் நின்றிருந்த ஒருத்தி பையைத் தோளில் மாட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியேவிட்டாள்.

டோக்கன் அக்கா தன் முறையை விட்டுவிட்டு, பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். கேட்டை மற்றொரு கையால் மறித்துக்கொண்டு நின்றாள். பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினாள். ஏழு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன அந்த உண்மையையும் விழுங்கினாள். மூச்சு வாங்கியது.

"உங்க பிள்ளை பேர்ல ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க" என்றாள். "அது அவனுக்கு மட்டும்தான். இந்த ஊர்ல பொறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க. நீங்க வாங்காம போனா உங்க பிள்ளையோடது வீணாப் போகும். நான் கண்ணால பார்த்துட்டுத்தான் வரேன், அந்தப் பெட்டியிலதான் இருக்கு."

கிளம்பிய பெண் பெட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "என் பிள்ளைக்குன்னேவா?"

"ஆமா. உங்க பிள்ளைக்குன்னே."

அவள் திரும்பிப் போய் வரிசையில் நின்றாள். அக்கா அவளுக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக, பாப்பாவோடு போய் நின்றுகொண்டாள்.